அம்பத்தூர் போனஸும் வால் ஸ்ட்ரீட் போனஸும்

போனஸ் கணக்குப் போடுவது என் தொழில். முதலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்தேன். பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில், ஐரோப்பிய வங்கி ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து வேலை செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். முதல் இடத்தில் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் கிடைத்தால் அது முழு போனஸ். இரண்டாவது இடத்தில் ஒரே ஆளின் பெயருக்கு நேரே ஏழு இலக்கத் தொகை இருக்கும், அதுவும் வெளிநாட்டுப் பணத்தில். அரசுப் பணத்தில் தப்பிய நிதி நிறுவனங்களிலும் போனஸ் போனதால், 2009 மார்ச்சில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மக்கள் போனஸ் என்ற பேச்சைக் கேட்டாலே கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அம்பத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே போனஸ் பேச்சு தொடங்கிவிடும். வாயிற்கூட்டம், கோரிக்கைக் கடிதம், தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு, கடைசியில் தொழில் தகராறு சட்டத்தின் 18(1) அல்லது 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியே பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் உள்ளே கணக்கு 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின்படிதான் நடக்கும். ஆண்டு லாபத்தை எடுத்துக்கொண்டு தேய்மானம், வரி, போட்ட முதலுக்கான வருவாய் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சியதில் 60 சதவீதத்தைத் தொழிலாளர் பங்காக ஒதுக்குவோம். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அப்போது மாதம் 3,500 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் சட்டப்படி போனஸ் உரிமை. கணக்கிடும்போது 2,500 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. ஆக, அந்த உச்சவரம்பில் ஒரு முழு ஆண்டு உழைத்தவருக்குக் கீழ்வரம்பு 2,499 ரூபாய், மேல்வரம்பு 6,000.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பி’ படிவம். செட்-ஆன், செட்-ஆஃப் கணக்கை அதில்தான் எழுதுவோம். ஒரு வருடம் லாபம் கொழித்து, 20 சதவீதத்துக்கு மேலும் கொடுக்க முடியும் என்ற நிலை வந்தால், மிகுதியை ஒரு வரம்புக்குள் அடுத்த நான்காம் ஆண்டு வரை எடுத்துச் செல்ல வேண்டும். மோசமான வருடத்தில் அது கைகொடுக்கும். நஷ்டம் வந்தும் 8.33 கொடுத்திருந்தால் அந்தக் குறையையும் அதேபோல எடுத்துச் சென்று நல்ல வருடத்தில் கழிக்கலாம். எந்த வருடத்தின் லாபத்தையும் தனியாக நிறுத்திப் பார்க்காதே, முன்னும் பின்னும் பார் என்று இந்தச் சட்டம் சொன்னது. எங்கள் சங்கச் செயலாளர் லேத் ஓட்டுபவர், ஏழாவது வரை படித்தவர். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் அவருக்குத் தெரியும். “ஏம்மா, மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்து வெச்ச செட்-ஆன் இன்னும் காலாவதி ஆகலியே, இதுல எங்க இருக்கு?” என்று கேட்பார். “இதோ இந்தக் கட்டத்துல இருக்கு பாருங்கண்ணே” என்று காட்டினால், விரலை வைத்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தலையசைப்பார்.

அதே சட்டத்தில் கடுமையான பிரிவுகளும் இருந்தன. மோசடி, வளாகத்துக்குள் வன்முறை, திருட்டு, கையாடல், நாசவேலை இவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர் போனஸ் உரிமையை இழப்பார் என்றது 9-ஆம் பிரிவு. ஒழுங்கீனத்தால் கம்பெனிக்குப் பண நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் அந்த ஆண்டு போனஸிலிருந்து அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றது 18-ஆம் பிரிவு. செம்புக் கம்பி திருடியதாக விசாரணையில் முடிவாகி வேலைநீக்கம் ஆன ஒருவரின் பெயருக்கு நேரே நான் பூஜ்யம் எழுதியிருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து நேரக்காப்பாளர் அறை வாசலில் நின்றார். சட்டம் அப்படி இருந்தது, எழுதினேன். 2,499 ரூபாய்க்கு இருந்த கட்டுப்பாடு அது.

வங்கி அலுவலகத்துக்கு வந்தது 2000-களின் நடுவில். அங்கே கணக்காண்டு டிசம்பரில் முடியும். லாபம் தெரிந்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ‘பூல்’ ஒதுக்குவார்கள். பிரிவுத் தலைவர்கள் அதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பிப்ரவரியில் கடிதம் போகும், மார்ச்சில் பணம் போகும். அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதும், எவ்வளவு ரொக்கம், எவ்வளவு பங்கு, எது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று பிரிப்பதும், கடிதங்களைத் தயாரிப்பதும் சென்னையில் எங்கள் வேலை. அந்த வாரங்களில் எங்கள் அறைக்குத் தனிப் பூட்டு. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சேர்ந்த புதிதில் நான் அங்கே தேடியது ‘பி’ படிவம் போன்ற ஒன்றை. அப்படி எதுவும் இல்லை. பத்து வருடம் ஓடப்போகிற ஓர் ஒப்பந்தத்தில் வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட லாபத்தில் பெரும்பகுதியைக் கையெழுத்தான வருடமே கணக்கில் ஏற்றிவிடலாம். அதை வைத்து அந்த மார்ச்சிலேயே போனஸ் கொடுத்துவிடலாம். ஏழாம் வருடம் அந்த ஒப்பந்தம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? வாங்கியவர் அதற்குள் வேறு வங்கிக்குப் போயிருப்பார். நாற்று நட்ட அன்றே விளைச்சலில் பங்கு பிரித்துக்கொண்டு போவது மாதிரியான ஏற்பாடு இது. பங்காகக் கொடுத்த தொகைக்கு மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் ரொக்கமாகப் போன தொகை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை, திரும்பக் கேட்பதற்கான வரியும் அன்றைய கடிதங்களில் இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். வேலையை விட்டுப் போகிறவர்களை ‘குட் லீவர்’, ‘பேட் லீவர்’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். போட்டி வங்கிக்குத் தாவினால் பேட் லீவர், நிலுவையில் உள்ள பங்குகள் போய்விடும். ஆட்குறைப்பில் போனாலோ, நிர்வாகமே கேட்டுக்கொண்டு ஓய்வு கொடுத்தாலோ குட் லீவர், எல்லாம் கைக்கு வரும். தன் பிரிவே நஷ்டத்தில் மூழ்கி மூடப்பட்டதால் வெளியேறியவர் எந்த வகை? ஆட்குறைப்பு என்ற பெயரில் அவரும் குட் லீவர்தான். யாரும் விதியை மீறவில்லை. விதியையே அப்படி எழுதி வைத்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியோடுதான் ஏஐஜி விவகாரத்தைப் பார்த்தேன். ஏஐஜி உலகின் மிகப் பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று. அதன் நிதிப் பொருள்கள் பிரிவு கனெக்டிகட் மாநிலத்தின் வில்டனிலும் லண்டனிலும் இருந்து, சில நூறு பேரை வைத்துக்கொண்டு, வீட்டுக் கடன்களைக் கட்டாகக் கட்டி விற்ற பத்திரங்களுக்கு ஒரு வகைக் காப்புறுதி விற்றது. பத்திரம் மூழ்கினால் நாங்கள் கொடுக்கிறோம் என்ற வாக்கு. வாக்குக்கு வந்த கட்டணம் ஆண்டுதோறும் லாபமாக ஏறியது, லாபத்துக்கு போனஸ் ஏறியது. கொடுக்க வேண்டிய நாள் வந்தால் எடுத்துக் கொடுக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. அந்தப் பிரிவின் தலைவர் ஜோசப் கசானோ எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 28 கோடி டாலர் பெற்றார். 2008-இன் தொடக்கத்தில் பதவி விலகிய பிறகும் ஆலோசகர் என்ற பெயரில் சில காலம் மாதம் 10 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது.

2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாளே அமெரிக்க மத்திய வங்கி ஏஐஜிக்கு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது, பதிலுக்கு 79.9 சதவீத உரிமை அரசுக்குப் போனது. உதவி வளர்ந்து வளர்ந்து 18,200 கோடி டாலரைத் தொட்டது. அடுத்த மார்ச்சில், அந்த நிதிப் பொருள்கள் பிரிவுக்கே சுமார் 16.5 கோடி டாலர் ‘ரிடென்ஷன்’ போனஸ் பட்டுவாடா ஆன செய்தி வெளியே வந்தது. ஆட்கள் போய்விடாமல் தக்கவைக்கக் கொடுப்பது ரிடென்ஷன் போனஸ். 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 73 பேர் என்றும், அவர்களில் 11 பேர் அப்போது அங்கே வேலையிலேயே இல்லை என்றும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ கோமோ அறிவித்தார். உலகமே இதைக் கேட்டு வாய்பிளந்தது. எங்கள் அறையில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எங்கள் கோப்புகளிலும் அப்படிப்பட்ட பெயர்கள் இருந்தன.

அந்தப் போனஸ் ஒப்பந்தங்கள் அரசு உள்ளே வருவதற்கு மாதங்கள் முன்பே, வீட்டுக் கடன் சந்தை சரியத் தொடங்கிய நேரத்தில் எழுதப்பட்டவை. 2007-இல் கிடைத்ததை ஒட்டிய தொகை 2008-க்கும் 2009-க்கும் உறுதி என்று அவை சொல்லின. லாபம் குறையப்போவது தெரிந்த வேளையில் பழைய லாபத்தின் அளவை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். கொடுக்காவிட்டால் கனெக்டிகட் மாநிலச் சம்பளச் சட்டப்படி இரட்டிப்பாகக் கொடுக்க நேரிடும் என்று வழக்கறிஞர்கள் சொன்னதாக, அரசு நியமித்த புதிய தலைவர் எட்வர்ட் லிட்டி விளக்கினார். லிட்டி ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்றவர், அதற்காக அவரை மதிக்கிறேன். 2009 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொருளாதார ஊக்கச் சட்டத்தில் போனஸ் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் பிப்ரவரி 11-ஆம் தேதி வரை எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு அதிலேயே விலக்கும் இருந்தது. விலக்கை வாக்களித்துச் சட்டமாக்கிய அதே நாடாளுமன்றத்தின் கீழவை, ஒரு மாதம் கழித்து மார்ச் 19-இல் அந்தப் போனஸ்களுக்கு 90 சதவீத வரி போடும் மசோதாவை 328-க்கு 93 என்று நிறைவேற்றியது. மேலவையில் அது சட்டமாகவில்லை.

ஒப்பந்தம் புனிதமானது, அதைத் தொட முடியாது என்ற வாதத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதே ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசுப் பணத்தில் தப்பின. அங்கே ஆட்டோ தொழிலாளர் சங்கத்தின் ஒப்பந்தங்கள் திறக்கப்பட்டன. விலைவாசிப்படி நின்றது, போனஸ் நின்றது, வேலைநிறுத்த உரிமையிலும் கட்டுப்பாடு வந்தது. கிரைஸ்லர் ஏப்ரல் 30-இலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1-இலும் திவால் நீதிமன்றம் போயின. அங்கே போனால் பழைய ஒப்பந்தங்களை மாற்றி எழுத வழி உண்டு. ஏஐஜியை நீதிமன்றம் போகாமல் காப்பாற்றியதால் அதன் ஒப்பந்தங்கள் ஒரு கீறல் இல்லாமல் பிழைத்தன. பல 18(1) ஒப்பந்தங்களின் கணக்கை எழுதிக் கொடுத்தவள் நான். கம்பெனி நொடிக்கிறது என்றால் முதலில் திறக்கப்படுவது தொழிலாளியின் ஒப்பந்தம் என்பதை அம்பத்தூரிலேயே பார்த்திருக்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் ஊரான டெட்ராய்ட்டிலும் அது மாறிவிடவில்லை. மக்களின் கோபத்துக்கு வேர் இந்த ஓரவஞ்சனைதான், வெறும் பொறாமை அல்ல.

நாங்கள் வேலை செய்த வங்கியும் அரசுப் பணத்தில் தப்பியதுதான். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அந்த ஆண்டு சென்னை ஊழியர்களுக்கு வேரியபிள் பே, அதாவது எங்கள் போனஸ், கிடையாது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. கேன்டீன் மானியம் நின்றது. ஒப்பந்தத்தில் இருந்த பிள்ளைகள், பலரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே வாரத்தில் நாங்கள் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, ‘கேரன்டி’ செய்யப்பட்ட போனஸ்களுக்குக் கடிதம் தயாரித்தோம். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், “அக்கா, இவங்களுக்கு மட்டும் எப்படிக்கா ஒப்பந்தம் செல்லுது?” என்று கேட்டாள். அவள் கையெழுத்திட்டதும் ஒப்பந்தம்தான். அதில் ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்ற சொற்கள் இருந்தன. அவர்களுடையதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, கோபம் தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். 16.5 கோடி என்பது 18,200 கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏஐஜிக்குக் கொடுத்த பணம் ஏஐஜியில் நிற்கவில்லை. ஏஐஜியிடம் காப்புறுதி வாங்கியிருந்த வங்கிகளுக்குப் போனது. கோல்ட்மேன் சாக்ஸுக்கு 1,290 கோடி டாலர், பிரான்சின் சொசியத்தே ஜெனரலுக்கு 1,190 கோடி, டாய்ச் வங்கிக்கு 1,180 கோடி. போனஸ் செய்தி வெளிவந்த அதே மார்ச் நடுவில்தான் இந்தப் பட்டியலும் வெளியானது. இதில் பெரும் பகுதியான காப்புறுதி ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளும்போது, டாலருக்குப் பத்து காசுகூடக் குறைக்காமல் முழு மதிப்பும் கொடுக்கப்பட்டது. திவாலாகும் நிறுவனத்திடம் கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுப்பது எந்த ஊரிலும் வழக்கம். இங்கே மத்திய வங்கியின் நியூயார்க் கிளை அதை வற்புறுத்தவில்லை என்று, மீட்புத் திட்டத்தைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட அலுவலகமே 2009 நவம்பரில் குறை சொன்னது. கனெக்டிகட்டில் அதிகாரிகளின் வீட்டுத் தெருக்களுக்குப் போராட்டக்காரர்கள் பேருந்தில் போனார்கள். மத்திய வங்கியின் அந்த முடிவுக்கு எதிராக அந்த அளவுக் கூட்டம் கூடவில்லை. போனஸ் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. எதிர்த்தரப்பு வங்கிக்கு முழு மதிப்பு என்றால் புரிய நேரம் ஆகிறது. பெரிய தொகை அந்த நேரத்துக்குள் போய்விட்டது.

பிரிட்டனிலும் இதே கதை, வேறு காகிதத்தில். 2008 அக்டோபரில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தை அரசு காப்பாற்றியது. கடைசியில் போட்ட மொத்தப் பணம் 4,550 கோடி பவுண்டு. அந்த ஆண்டு வங்கியின் நஷ்டம் 2,410 கோடி. வெளியேறிய தலைவர் பிரெட் குட்வினுக்கு 50 வயதிலேயே ஆண்டுக்கு 7,03,000 பவுண்டு ஓய்வூதியம் என்று பின்னர் தெரியவந்தது. அவரை எந்த வகையில் வெளியேறியவராக நடத்துவது என்று முடிவு செய்ய வங்கி வாரியத்துக்கு இடம் இருந்தது. நிர்வாகம் கேட்டுக்கொண்டு ஓய்வு பெற்றவர் என்று எழுதினார்கள், முழுத் தொகையும் உறுதியானது. குட் லீவர். 2009 மார்ச்சில் எடின்பரோவில் அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். வன்முறையை நான் ஏற்கவில்லை. ஜூனில் அவரே 3,42,500 பவுண்டாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார், 2012-இல் சர் பட்டமும் பறிக்கப்பட்டது. இத்தனை அமளியும், பணம் கொடுத்த அந்த வார இறுதியில் அரசு அவர் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை ஊன்றிப் படித்து மாற்றச் சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏஐஜியில் போனஸ் பெற்றவர்களில் பலர் அந்தக் காப்புறுதிகளை விற்றவர்கள் அல்ல. மிச்சமிருந்த ஒப்பந்தங்களை நஷ்டமில்லாமல் முடித்துவைக்க இருத்திவைக்கப்பட்டவர்கள். ஜேக் டிசாண்டிஸ் என்பவர் இதை எழுதிப் பதவி விலகிய கடிதம் நியூயார்க் டைம்ஸில் வெளியானது. அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவருக்கு நேர்ந்த அநியாயத்துக்கும் காரணம், தவறு செய்தவரிடமிருந்து திரும்பப் பெற அந்த ஒப்பந்தங்களில் வழி இல்லாததுதான். திரும்பப் பெற வேண்டியவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் எதிரில் இருந்தவர் மேல் எல்லாம் விழுந்தது. கடைசியில் ஏஐஜியிலிருந்து அரசுக்கு 2,270 கோடி டாலர் லாபம் வந்ததையும் சிலர் எடுத்துச் சொல்வார்கள். வந்தது உண்மை. வேலையும் வீடும் இழந்த குடும்பங்களின் கணக்கு அந்தத் தொகையில் சேரவில்லை.

பிறகு சில மாற்றங்கள் நடந்தன. அமெரிக்க அரசு நியமித்த கென்னத் ஃபைன்பெர்க் 2009 அக்டோபரில், பெரும் உதவி பெற்ற ஏழு நிறுவனங்களின் உயர் ஊதியக்காரர்களுக்கு ரொக்கச் சம்பளத்தைச் சராசரியாக 90 சதவீதம் வெட்டினார். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் போனஸுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. பிரிட்டன் 2023-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டது. நம் ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் வெளியிட்ட விதிகள் எனக்கு நிறைவு தந்தன. தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்தில் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்ததாக இருக்க வேண்டும், அதில் 60 சதவீதமாவது மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் தள்ளிவைக்கப்பட வேண்டும், நிலுவையை நிறுத்தவும் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் ஒப்பந்தத்திலேயே வழி இருக்க வேண்டும் என்கின்றன அவை. படித்ததும் அம்பத்தூர்ச் சங்கச் செயலாளரை நினைத்தேன். லேத் ஓட்டியவருக்கு 1965-லேயே விதித்ததை வங்கித் தலைவருக்கு இவ்வளவு கண்டிப்பாக விதிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் யெஸ் வங்கியை ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் பணம் போட்டுக் காப்பாற்றின. 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் மதிப்பிழந்ததாக எழுதப்பட்டன, அது நீதிமன்றம் போனது. அதே ஆண்டு நவம்பரில், 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. அந்தப் பங்கைச் சேமிப்பாக வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான்: “எங்க பங்கை அழிச்சாங்க, சரிம்மா. அத்தனை வருஷம் மேல உக்காந்திருந்தவங்க வாங்கினதுல எவ்வளவு திரும்பி வந்துது?” அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இல்லை. அந்த எண் இணைப்பு ஆணையிலேயே இருந்திருக்க வேண்டும்.

வங்கி ஒன்று மீட்கப்படும்போது திட்டம் அரசிதழில் வருகிறது, யாரும் படிக்கலாம். உயரதிகாரிகள் கடந்த ஐந்து ஆண்டுகளில் பெற்றது எவ்வளவு, அதில் எதைத் திருப்பிக் கேட்கலாம், புதிய ஒப்பந்தம் எதுவும் மீட்புக்கு முன்பு அவசரமாக எழுதப்பட்டதா என்று சொல்லும் ஒரு பக்கத்தை அதில் தேடுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்றே எழுதுங்கள். கடிதமும் பணமும் போய்ச் சேர்ந்த பிறகு, மார்ச் மாதத்தில் கோபப்பட்டுப் பயனில்லை.